லீவுக்கு எங்களையும் அனுப்புங்கள்!



பள்ளி திறந்த முதல் நாள் தமிழம்மா வகுப்பில், "லீவுக்கு யாரெல்லாம் வெளியூர் போனீங்க?" என்று கேட்டார்கள். பையன்கள் பக்கம் எல்லாக் கையும் மேலே போனது. எங்கள் பக்கம் 22 பேரில் 4 கைதான். ஐந்தாவது படிக்கும்போது நாங்கள் எல்லோரும்தான் ஊருக்குப் போனோம். இப்போது மட்டும் என்ன ஆச்சு?

காரணம் எல்லோருக்கும் தெரியும். "பெரிய மனுஷி ஆயிட்டா, போற இடத்துல ஏதாவது ஆயிட்டா?" என்பார்கள். அந்த 'ஏதாவது' என்பது காதல்தான். அந்த வார்த்தையைச் சொல்லக்கூட பயப்படுகிறார்கள். நான் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். தமிழம்மா அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

மே மாதம் நான் வேதாரண்யம் பக்கத்தில் அகஸ்தியம்பள்ளியில் உள்ள என் அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாயி ஒரே சண்டை. அப்பாவும் "வேணாம் தாயி" என்றார். அத்தை நேரில் வந்து, "என் அண்ணன் மகளை நான் பாத்துக்க மாட்டேனா?" என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். 24 நாள் இருந்தேன்.

அத்தை உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். விடியும் முன்னே கிளம்பிவிடுவார்கள். என்னைப் பாத்தியில் இறங்க விடவே இல்லை. "படிக்கிற பிள்ளைக்கு இங்க என்ன வேலை" என்பார்கள். நான் சோறு வடித்துத் தூக்கில் கொண்டு போய்க் கொடுப்பேன். வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் குத்தும். அத்தையின் குதிகால் வெடிப்பைப் பார்த்த பிறகு, சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்று நான் அம்மாவிடம் சண்டை போடுவதில்லை.

வீட்டில் ஒரு குடம்கூட ஒழுங்காகத் தூக்காத நான், அங்கே தனியாக பஸ் ஏறி வேதாரண்யம் கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கினேன். பேங்கில் அத்தைக்குச் சலான் எழுதிக் கொடுத்தேன். உப்புச் சத்தியாக்கிரகத் தூணையும் பார்த்தேன். ராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பியவர்கள், சுமார் 150 மைல் நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் அது. அந்தப் போராட்டத்தில் ருக்மிணி லட்சுமிபதி என்ற பெண்மணியும் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். பாடப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த மண்ணில் நிற்பது வேறு!

இப்போது அந்த 'ஏதாவது' விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தை தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க ஒரு பையன் வருவான். பதினொன்றாவது போகப் போகிறான். உப்புத் தண்ணீருக்கு டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை எப்படிப் பார்ப்பது என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். கடல் தண்ணீர் 3 டிகிரி இருக்கும். வெயிலில் காய்ந்து 25 டிகிரி வரை ஏறினால்தான் உப்பு படியும் என்றான். எனக்கு அவனைப் பிடித்துப் போனது. பாதி நிறைந்த குடத்தைக் கொட்டிவிட்டு மறுபடி குழாய்க்குப் போனேன் என்றால் பாருங்கள்! அத்தை மகள் ஐந்தாவதுதான் படிக்கிறாள். அவள் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அன்று ராத்திரி எனக்குக் கை காலெல்லாம் நடுங்கியது. அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அத்தை பக்கத்தில் உட்கார வைத்து, "பிடிச்சிருக்கா? பிடிக்கிறது தப்பு இல்லம்மா. ஆனா இந்த வயசுல முடிவு எடுக்காத. டிகிரி ஏறாத தண்ணிய பாத்தியில விட்டா உப்பு விளையுமா? எனக்குப் பதினஞ்சு வயசுல கட்டி வச்சாங்க. அப்ப என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. அதான் உன்கிட்ட நான் கேக்கறேன்" என்றார்கள். நான் அழுதுவிட்டேன். பயத்தால் இல்லை.

அதன் பிறகு அந்தப் பையனிடம் சாதாரணமாகப் பேச முடிந்தது. அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. லீவு முடிந்தது, வந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

சினிமாவில் லீவுக்கு ஊருக்கு வரும் பெண் காதலிக்க மட்டும்தான் வருவாள். அவள் என்ன கற்றுக்கொண்டாள் என்று யாரும் காட்டுவதில்லை. பெற்றோரும் அதையே நம்பிவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறாள். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். வயசுக்கு வந்த நாளிலிருந்து அவளை எங்கேயும் அனுப்பவில்லை. ஆனால் காதல் போன் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்தது. சொல்ல ஆள் இல்லை, சொன்னால் அடி. தெரிந்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பத்தாவது பரீட்சை எழுதவில்லை. இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவளுக்கு வயசு 16. பூட்டி வைத்ததால் என்ன லாபம்?

2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது முடியாமல் கல்யாணம் செய்வது குற்றம். 1098-க்குப் போன் செய்யலாம். அந்த அக்கா விஷயத்தை நான் வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டேன். டீச்சர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பெற்றோர் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லா வீடும் என் அத்தை வீடு மாதிரி இருக்காது. சொந்தக்காரர் வீட்டிலேயே தப்பாக நடப்பவர்களும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், நம்பிக்கையான வீடாகப் பார்த்து அனுப்புங்கள். எது நடந்தாலும் "எங்ககிட்ட சொல்லு, அடிக்க மாட்டோம்" என்று சொல்லி அனுப்புங்கள். இந்த ஒரு வார்த்தை பூட்டை விடப் பெரிய காவல் என்பது என் கருத்து.

தோழிகளே, அடுத்த லீவுக்குக் கேளுங்கள். முடியாது என்றால் இந்தத் தாளைக் காட்டுங்கள். அடுத்த வருஷம் தமிழம்மா கேட்கும்போது நம் பக்கமும் 22 கை தூக்க வேண்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி