கடற்காவல் உத்தியோகங்களும் கரையோர வாலிபரும்

இராமநாதபுரம் ஜில்லாவின் கடற்கரையூர்களில் படித்த வாலிபர் பலர் கடலைச் சார்ந்த சர்க்கார் உத்தியோகத்தை நாடி நிற்கின்றனர். அவர்தம் பெற்றோர் முதலில் அறியவேண்டுவது, இஃது ஒரே வாசலுள்ள வீடன்று என்பதாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும், சூழ்ந்துள்ள பவளப் பாறைகளும் 1986-ஆம் வருஷத்தில் தேசியப் பூங்காவாக்கப்பட்டு வன இலாகாவின் காவலில் இருக்கின்றன. படகும் வலையும் மீன் வளர்ப்பும் மீன் இலாகாவைச் சேர்ந்தவை. மீன் இலாகாவின் இன்ஸ்பெக்டர், சப்-இன்ஸ்பெக்டர் ஸ்தானங்களுக்குச் சர்வீஸ் கமிஷன் பரீட்சை நடத்துகிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி நடைபெறுகிறது. 2012-இல் மீன்வள சர்வகலாசாலையும் ஏற்பட்டது. ஆயினும் பட்டம் பெற்றோர் அனைவருக்கும் சர்க்காரில் இடமில்லை. இறால் குஞ்சு பொரிப்பகங்கள், ஏற்றுமதிச் சாலைகள், பாங்கிகளின் விவசாய உத்தியோகப் பரீட்சை ஆகியவற்றையும் கருதாமல் ஒரே பரீட்சைக்குப் பல வருஷம் காத்திருத்தல் உசிதமன்று.

இது பட்டதாரிகளைப் பற்றியது. பட்டமில்லாதவன் நிலைமை வேறு. பவளக்கல்லை வெட்டியெடுத்ததால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் ஆழ்ந்தன. 2001-இல் கடல் அட்டை பிடித்தல் தடுக்கப்பட்டது. தடை அவசியமானதே. ஆனால் அட்டைக்கு மூழ்கியவனும், தீவோரம் பாசி எடுத்த பெண்ணும் உத்தியோகஸ்தரைக் கண்டது பெரும்பாலும் பிடிக்க வந்தவராகவே. பாறை எங்கே இருக்கிறது, நீரோட்டம் எப்போது திரும்பும், ஆவுளியா எத்திசையில் மேயும் என்பவற்றைப் புஸ்தகமின்றி அறிந்தவர்கள் இவர்களே. இத்தகையோரைத் தற்காலிகக் காவலராக வைத்துக்கொண்டு, கேள்வித்தாள் எழுதத் தெரியாமையால் மேலேறவிடாதிருப்பது சர்க்காருக்கே நஷ்டம். இத்தனை வருஷம் காவல் செய்தவனுக்கு நிரந்தர ஸ்தானம் உண்டென்று விதி செய்தல் வேண்டும்.

உள்ளூரான் உறவினருக்குக் கண்மூடுவான் என்று ஆட்சேபிப்பவர் உண்டு. முன்னாளில் கிராம முன்சீபும் அவ்வூராரே. அதனால் வரிவசூல் நின்றுவிடவில்லை. மேலும், வயலுக்கு வந்து விதையைக் காட்டாத உத்தியோகஸ்தரைக் குடியானவன் மதிப்பதில்லை, கடலிலும் அப்படியே. கரையிலிருந்தே உத்தரவு படிப்பவரினும், படகேறி வலைக்கண்ணை அளந்து காட்டுபவர் சொல் ஏறும்.

வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடற்காவலுக்கு வேண்டிய எழுத்தும் சட்டமும் அந்நாட்களில் அங்கே கற்பிக்கப்பட்டால், அப்படகுகளில் போகும் வாலிபருக்குக் கூலி நஷ்டமுமில்லை.