சூரியனின் சீற்றமும் தீவகக் கடற்றொழிலும்

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலுமிருந்து மாலையில் புறப்படும் படகுகள் பலவற்றில், முன்னோர் நம்பிய நட்சத்திரங்களின் ஸ்தானத்தை இன்று ஜி.பி.எஸ். கருவியே வகிக்கிறது. ஆனால் செய்மதிச் சமிக்ஞைகள் அயனமண்டலத்தைக் கடந்தே வரவேண்டியிருப்பதாலும், பூமியின் காந்த மத்தியரேகை நமக்கு அண்மையிலேயே செல்வதாலும், சூரியன் உக்கிரமடையும் ஆண்டுகளில், விசேஷமாக மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டிய இரவுகளில், அஸ்தமனத்தின் பின் அம்மண்டலத்தில் எழும் அடர்த்தி குறைந்த குமிழிகள் அச்சமிக்ஞைகளைக் குலைப்பதுண்டு. பெரும்பாலும் பிழை சில பத்து மீற்றரே. சிலவேளை சமிக்ஞை சில நிமிடங்கள் அறுந்தும் போகும். ஆயினும் ஆழங்குறைந்த தீவகக் கடலில், இருளில், அதுவும் அற்பமன்று.

இத்துறையில் விஞ்ஞானம் வறுமைப்படவில்லை. 1899 இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனை அவதானித்து வருகிறது. தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் பூகாந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2023 செப்டெம்பர் 2 இல் சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா எல்1 ஏவப்பட்டது. 2024 மே மாதத்துக் காந்தப் புயலின்போது அமெரிக்க விவசாயிகளின், செய்மதி வழிகாட்டும் உழவு இயந்திரங்கள் விதைப்புக் காலத்தில் தடுமாறியதையும் உலகம் கண்டது.

எனினும், ஆராய்ச்சியாளர் வெளியிடும் குறியெண்களால் கடற்றொழிலாளிக்கு யாது பிரயோசனம்? இன்றிரவு இன்ன நேரத்தில் கருவியை மட்டும் நம்பாதீர், திசைகாட்டியையும் வெளிச்சவீட்டையும் பாரும் என்ற தெளிந்த தமிழ் வாக்கியமே அவருக்கு வேண்டியது. கடல் வானிலை அறிவிப்பை ஏற்கெனவே வெளியிட்டுவரும் வளிமண்டலவியல் திணைக்களம், அயல்நாட்டு ஆய்வகங்களின் அவதானங்களைப் பெற்று, அவ்வொரு வாக்கியத்தையும் அதனுடன் சேர்த்தல் வேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்களும் அதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.