மாத நாவல்களும் ஒரு சாதாரண வாசகனும்

சென்ற மாதம் ஊரில் பரணைச் சுத்தம் செய்தபோது, அம்மா சேர்த்துவைத்திருந்த மாத நாவல்கள் சுமார் நாற்பது கிடைத்தன. பெரும்பாலும் 1980களில் வந்தவை. சாணித்தாள் பழுத்து ஓரங்கள் உதிரத் தொடங்கியிருந்தன. தீவிர இலக்கியம் பக்கம் வந்தபின் நான் திரும்பிப் பாராத புத்தகங்கள். கொஞ்சம் ஏக்கத்தோடும் கொஞ்சம் ஏளனத்தோடும்தான் கையில் எடுத்தேன். பதினைந்து நாட்களில் பன்னிரண்டு நாவல்களைப் படித்து முடித்தபோது ஏளனம் போய்விட்டது; குறை சொல்ல வேறு காரணம் கிடைத்தது.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். இவர்களுக்குக் கதையைத் தொடங்கத் தெரியும். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் நகர்த்தி இறுதியில் இணைக்கும் ராஜேஷ்குமாரின் உத்தி பிரபலமானது. படிக்க எளிது, எழுதிப் பார்த்தால்தான் சிரமம் புரியும். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் பேசிக்கொள்வதில் அன்றைய நகரத்து இளைஞர்களின் துடுக்கு பதிவாகியிருக்கிறது. நாம் கொண்டாடும் பல நாவல்களில் இந்தச் சரளம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என் மனத்தாங்கல் முடிவுகளைப் பற்றியது. பன்னிரண்டில் ஐந்து நாவல்களில், வாசகனுக்குக் காட்டப்படாத ஏதோ ஒரு தடயத்தைக் கொண்டு குற்றவாளி பிடிபடுகிறான். அவற்றில் ஒன்றில் கொலைகாரன் அறிமுகமாவதே கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில்!

துப்பறியும் கதைகள் எழுதிய ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929இல் இவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி தொடக்கத்திலேயே கதைக்குள் வந்துவிட வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகனுக்கும் தெரிய வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். பாதி விளையாட்டாகச் சொன்னவைதான், ஆனாலும் நியாயமானவை. அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ (1926) நாவலின் முடிவில் திடுக்கிடும் வாசகன் திரும்பவும் படித்தால், தடயங்கள் கண்ணெதிரிலேயே கிடந்ததை உணர்வான். தமிழிலும் ‘கொலையுதிர் கால’த்தில் நடப்பது ஆவியின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்ற கேள்வியைக் கணேஷுக்கும் வசந்துக்கும் இடையே வைத்து, வாசகனையும் அந்த விவாதத்துக்குள் இழுத்துக்கொள்கிறார் சுஜாதா.

மாதம் தவறாமல், இத்தனை பக்கத்துக்குள் எழுதியாக வேண்டிய நெருக்கடி இருந்தது உண்மை. ஆனால் நமக்கும் இதில் பங்குண்டு. ‘வணிக எழுத்து’ என்ற ஒரே சொல்லால் அனைத்தையும் தள்ளிவிட்டோம். அதற்குள் எது நேர்மையான வேலை, எது ஏமாற்று என்று பிரித்துச் சொல்லும் விமர்சனம் போதிய அளவு வளரவில்லை. நமது புறக்கணிப்பு அவ்வெழுத்தாளர்களுக்குத் தண்டனையாக அமையவில்லை, சலுகையாகவே அமைந்தது.

அம்மாவின் புத்தகங்களில் பாதி நாவல் தாண்டியதும் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. கொலையாளி யார் என்ற அவருடைய ஊகம். ஊகம் பலித்த நாவல்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் அடித்திருக்கிறார். நான் சொன்ன ஐந்து நாவல்களிலும் பெயர் இருக்கிறது, டிக் இல்லை. பொழுதுபோக்காகப் படிப்பவர்கள் யோசிக்காமல் படிக்கிறார்கள் என்று எண்ணுபவர்கள் எழுத்தாளர்களிலும் உண்டு, விமர்சகர்களிலும் உண்டு. என் அம்மா யோசித்துத்தான் படித்திருக்கிறார்.