கையொப்பமும் ஒரு கேள்வியும்

நுழையும்முன்

நாட்டின் முதல் குடிமகன் குடியரசுத் தலைவர். ஆட்சியை நடத்துபவர் பிரதமர். அவ்வாறாயின் குடியரசுத் தலைவரின் அதிகாரம் எத்தகையது? அதன் எல்லை எது? அரசமைப்பின் துணைகொண்டும் வரலாற்றின் துணைகொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரளவில் பேரதிகாரம்

இந்திய அரசமைப்பின் 53ஆவது பிரிவு, ஒன்றியத்தின் நிருவாக அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கிறது. முப்படைகளின் உயர் தலைமை அவருடையது. பிரதமரை நியமிப்பவரும் நாடாளுமன்றத்தைக் கூட்டுபவரும் அவரே. நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதா, அவர் ஒப்புதல் பெற்ற பின்னரே சட்டமாகும். மரண தண்டனை பெற்றவருக்கும் அவர் மன்னிப்பு வழங்கலாம். இவற்றை மட்டும் படிப்பவர், முடியில்லாத மன்னர் ஒருவர் நம்மை ஆள்கிறார் என்றே எண்ணக்கூடும்.

அவ்வெண்ணத்தை 74ஆவது பிரிவு திருத்துகிறது. பிரதமரைத் தலைமையாகக் கொண்ட அமைச்சரவை, குடியரசுத் தலைவருக்கு உதவியும் அறிவுரையும் வழங்கும் என்பது அப்பிரிவின் கருத்து. அவர் அரசின் தலைவரே அன்றி நிருவாகத்தின் தலைவர் அல்லர் என்று அம்பேத்கர் 1948ஆம் ஆண்டிலேயே அரசமைப்பு நிர்ணய சபையில் விளக்கினார். எனினும் அமைச்சரவையின் அறிவுரை அவரைக் கட்டுப்படுத்தும் என்று அரசமைப்பு அன்று வெளிப்படையாகக் கூறவில்லை. எனவே, குடியரசுத் தலைவரின் அதிகாரமும் பிரித்தானிய முடியரசரின் அதிகாரமும் ஒன்றுதானா என்பதை ஆராய வேண்டும் என்று முதல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் 1960இல் பொது மேடையிலேயே எடுத்துரைத்தார்.

விடை பின்னர் வந்தது. அறிவுரைப்படியே அவர் செயல்பட வேண்டும் என 1976இல் 42ஆவது திருத்தம் வரையறுத்தது. ஒருமுறை மட்டும் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். மீண்டும் அதே அறிவுரை வந்தால் ஏற்றாக வேண்டும் என 1978இல் 44ஆவது திருத்தம் வகுத்தது.

வினவாத இரவு

இதனால் குடியரசுத் தலைவரை ‘ரப்பர் முத்திரை’ என்று எளிதாகக் கூறிவிடுவோர் உளர். அக்கூற்று பொருந்தாது. ஒருமுறை வினவும் உரிமை சிறியதாகத் தோன்றலாம். அதன் பெருமை, அது பயன்படாத வேளையில்தான் விளங்கும்.

1975 சூன் 25ஆம் நாள் இரவு, நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டார். பிரதமரின் அறிவுரை இருந்தது. அமைச்சரவையோ மறுநாள் காலையில்தான் கூடியது. ‘அமைச்சரவையின் முடிவு எங்கே?’ என்னும் ஒரு கேள்வி அவ்விரவில் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. அமைச்சரவையின் முடிவு எழுத்துவடிவில் வந்த பின்னரே இத்தகைய பிரகடனம் செய்யலாம் என்னும் விதியை 44ஆவது திருத்தம் சேர்த்ததற்கு அவ்விரவே காரணம்.

வினவிய தலைவர்கள்

1997இல் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர ஒன்றிய அமைச்சரவை பரிந்துரைத்தது. கே. ஆர். நாராயணன் அதனைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை தன் முடிவைக் கைவிட்டது. மறு ஆண்டு பீகார் பற்றிய பரிந்துரையையும் அவர் திருப்பினார். 1999இல் அது மீண்டும் வந்தபோது, அரசமைப்பின் ஆணைப்படி ஏற்றார்.

ஆதாயம் தரும் பதவிகள் குறித்த மசோதாவை, இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2006இல் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியதும் ஒப்புதல் அளித்தார். இதனைத் தோல்வி என்று கருதலாகாது. அவர் எழுப்பிய ஐயம் நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டது. முடிவெடுப்பது மக்களின் பிரதிநிதிகள். எண்ணிப் பார்க்கச் செய்வது குடியரசுத் தலைவர். மன்னரை இடித்துரைத்த சான்றோரைப் போற்றிய மரபினர்க்கு இப்பணியின் மதிப்பு புதிதன்று.

மௌனம் தகுமா?

இங்கு ஒரு குறையையும் சுட்ட வேண்டும். மசோதாவிற்கு எத்தனை நாளுக்குள் ஒப்புதல் அளிக்க வேண்டும் என்பதை 111ஆவது பிரிவு கூறவில்லை. 1986இல் நிறைவேறிய அஞ்சல் அலுவலகத் திருத்த மசோதாவிற்கு ஜெயில் சிங் ஒப்புதல் அளிக்கவுமில்லை. அதனைத் திருப்பி அனுப்பவுமில்லை. கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு விரிவாக்கிய அம்மசோதா இறுதிவரை சட்டமாகவில்லை.

விளைவு நன்றாயிற்று என்று மகிழ்வோர் பலர். அம்மகிழ்ச்சியில் நியாயம் உண்டு. ஆயினும், திருப்பி அனுப்புவோர் தம் கருத்தை நாடாளுமன்றத்தின் முன் வைக்கின்றனர். மௌனம் காப்பவரோ எதனையும் முன்வைப்பதில்லை. இன்று தீய மசோதாவைத் தடுத்த மௌனம், நாளை நல்ல மசோதாவையும் தடுக்கக்கூடும். ஆதலால், 111ஆவது பிரிவில் காலவரையறை ஒன்றை அரசமைப்புத் திருத்தத்தின் வழியே நாடாளுமன்றம் சேர்ப்பதே முறை. அது குடியரசுத் தலைவரின் மதிப்பைக் குறைக்காது. அவரது கேள்வியை உரிய காலத்தில் வெளிப்படுத்தச் செய்யும்.

நம் பங்கு

குடியரசுத் தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றங்களுக்கும் நாம் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்களே நமக்காக அவருக்கு வாக்களிக்கின்றனர். பதினெட்டு வயதில் நீங்கள் அளிக்கப்போகும் வாக்கு அப்பதவி வரையும் செல்கிறது. கையொப்பமிடுமுன் வினவத் தெரிந்தவர் அங்கு அமர வேண்டுமெனில், வாக்களிக்குமுன் வினவத் தெரிந்தவர்களாக நாம் இருத்தல் வேண்டும்.