கடலில்லா ஊரின் உப்பு

நொய்யல் ஆற்றங்கரையிலிருந்து கடல் வெகு தூரம். ஆனாலும் திருப்பூரின் பழைய சுவர் ஒன்றின் முன்னால் நின்று பார்த்தால், கடலோரத் தரங்கம்பாடியில் நிற்பது போலத்தான் இருக்கிறது. இடுப்பளவு உயரம் வரை பெயின்ட் கொப்பளித்து உரிந்திருக்கிறது. அதன் மேல் விளிம்பில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை பூத்திருக்கிறது. உள்ளங்கையால் தடவினால் செங்கல் தூளாகக் கையோடு வருகிறது. “ஓதம் ஏறியிருச்சுங்க, சிமென்ட்டுல ஒரு பூச்சு போட்டு விட்டுறலாங்க” என்கிறார் கொத்தனார். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் நம்மில் பலரும் தலையாட்டி விடுகிறோம். இந்த இதழில் நாம் பேச நினைப்பது அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான்.

சுவரில் பூத்த அந்த வெள்ளை உப்பு; அது வந்த வழி இந்த ஊரின் சாயத் தொழில். ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற வேண்டுமானால் சாதா உப்போ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ மூட்டை மூட்டையாகத் தேவை. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு போய்விடும். பல ஆண்டுகள் அது நொய்யலில்தான் போனது. பாசனத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு இங்கே நிலைபெற்றது. ஆனால் அதற்கு முன் மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் போகாது. அது கிணற்றிலும் போர்வெல்லிலும் இருக்கிறது. அஸ்திவாரம் வழியே சுவரிலும் ஏறுகிறது.

கடலோரச் சுவரைத் தின்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. நம் ஊரில் அதோடு சல்பேட்டும் சேரும் வாய்ப்பு அதிகம், அது இன்னும் கொடியது. நீரற்ற சோடியம் சல்பேட், பத்து நீர் மூலக்கூறுகளை ஏற்றுப் படிகமாகும்போது பருமன் மூன்று மடங்குக்கு மேல் பெருகும். இந்த இரு வடிவங்களும் மாறும் எல்லை ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ். திருப்பூரில் ஆண்டின் பல மாதங்களில் பகல் வெயில் அதைத் தாண்டுகிறது, இரவில் அதற்குக் கீழே இறங்குகிறது. செங்கல்லின் நுண்துளைக்குள் உப்பு மாறி மாறி விரிந்து சுருங்குவதற்கு இதைவிட வசதியான தட்பவெப்பம் வேண்டாம்.

இந்தச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசினால் ஈரம் மூச்சு விட வழியில்லாமல் மேலே ஏறும். இடுப்பளவு இருந்த ஓதம் தலையளவு போகும். கூடவே உப்பும் போகும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். உப்பைத் தானே வாங்கிக்கொண்டு உதிர்ந்து, உள்ளிருக்கும் செங்கல்லைக் காப்பாற்றும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை உரித்துவிட்டு மறுபடி பூச வேண்டும். வீட்டுக்காரர் இதை வேலை சரியில்லை என்று நினைக்கக்கூடும். காரையின் வேலையே அதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது நம் கடமை.

இதிலும் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு, தண்ணீர். சுண்ணாம்பைத் தேடித் தேடி வாங்குகிறோம், கடுக்காயும் கருப்பட்டியும் சேர்க்கிறோம். பிறகு அதே வளாகத்து போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பை நீற்றி, அதே தண்ணீரை நாள்கணக்கில் சுவரில் அடிக்கிறோம். இரும்புக் கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு, கலக்கும் தண்ணீரில் இந்தியத் தர விதி ஐஎஸ் 456 அனுமதிக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம், சல்பேட் 400. நூறாண்டுச் சுவருக்கு அந்த அளவு அக்கறைகூட வேண்டாமா? வேலை தொடங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். தேறாவிட்டால் மழைநீரையோ குடிநீரையோ பயன்படுத்துங்கள். சுவரில் வெவ்வேறு உயரத்திலும் ஆழத்திலும் துளையிட்டுத் தூள் எடுத்து, எந்த உப்பு எவ்வளவு இருக்கிறதென்று பாருங்கள். உயர்ந்துவிட்ட சாலை மட்டம், உடைந்த சாக்கடை என ஈரம் வரும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். பூச்சு கடைசி வேலை.

விழுந்த பழைய கட்டடம் எல்லாம் மீண்டும் எழுவதில்லை. புதுச்சேரி கடற்கரையின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. அரசுக் கட்டடம் என்பதால் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. நம் ஜின்னிங் பேக்டரி கொட்டகைகளுக்கும், கதர் காலத்துக் கடைகளுக்கும், ஓட்டுக் கூரை பனியன் கம்பெனிகளுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அவை தனியார் சொத்து. பெரும்பாலானவை எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. விழுந்தால் அந்த இடத்தில் அடுக்குமாடிதான் எழும்.

ஆகவே அவற்றைக் காக்கும் பொறுப்பு முதலில் நம் கைக்குத்தான் வருகிறது. இந்த ஊருக்குப் பிழைப்பைத் தந்த சாயத்தின் உப்பே அதன் பழைய சுவர்களை அரிக்கிறது. அடுத்த முறை ஓதம் ஏறிய சுவருக்கு முன்னால் நிற்கும்போது, கரண்டியை எடுக்கும் முன் ஒரு பாட்டிலில் அங்கிருக்கும் தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்புங்கள்.