199 ரூபாய் பெரிய காசா என்று கேட்ட பிள்ளைக்கு

பிள்ளைகளே, உறவுகளே, இரண்டு நாளாக நம் குழுவில் ஓடிய பேச்சைப் படித்தேன். "28 நாளைக்கு 199 ரூபாய். ரெண்டு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிடுற காசு. இதுக்குப் போய் இவ்வளவு புலம்பலா டீச்சர்? உலகத்திலேயே நம்ம நாட்டுலதான் நெட் மலிவு" என்று ஒருவன் எழுதியிருந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன். அதனால் கணக்காகவே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு 12 மாதம். ஆனால் 28 நாள் கணக்கில் போட்டால் 13 தடவை போட வேண்டும். 13 × 199 = 2587 ரூபாய். நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 2023இல்தான் 1000த்திலிருந்து 1200 ஆனது. அந்த 1200இல் வாழ்கிற ஒரு பாட்டி, வருஷத்தில் இரண்டு மாதப் பணத்துக்கும் மேலே போன் உயிரோடு இருப்பதற்கே கொடுக்க வேண்டும். உன் சம்பளத்தில் இரண்டு மாதத்தை எடுத்துப் போனுக்குக் கட்டச் சொன்னால் நீ என்ன செய்வாய் தம்பி?

நெட் மலிவு என்கிறாய். பட்டன் போனில் நெட்டை வைத்து அந்தப் பாட்டி என்ன செய்வாள்? பச்சை பட்டன் எடுக்க, சிவப்பு பட்டன் வைக்க, அவ்வளவுதான் தெரியும். திருப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டால் எடுப்பாள். அவசரம் என்றால் அவள் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அவளுக்கு வேண்டியது உள்ளே வரும் அழைப்பு. அதற்குத்தான் இன்றைக்கு இந்த விலை.

இது எப்போதும் இப்படி இல்லை. 2003 மே மாதத்திலிருந்து வரும் அழைப்புக்குக் காசு கிடையாது என்று ஆனது. அதன் பிறகுதான் கொத்தனார் கையிலும் மீன்காரம்மா கூடையிலும் போன் வந்தது. 2006 வாக்கில் 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' கார்டு வாங்கியவர்கள் உங்கள் வீடுகளிலேயே இருப்பார்கள். யாருடைய ஆயுள் என்று நாம்தான் கேட்காமல் விட்டுவிட்டோம்! 2018 கடைசியில், மாதம் குறைந்தது 35 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யாவிட்டால் இணைப்பு போகும் என்று மெசேஜ் வர ஆரம்பித்தது. கணக்கில் இருப்பு உள்ளவர்களை உடனே வெட்டாதீர்கள் என்று ட்ராய் தலையிட்டது. ஆனால் வாசல் திறந்தது திறந்ததுதான். ஒரு பெரிய நிறுவனத்தின் குறைந்தபட்ச 28 நாள் பேக் 2021இல் மட்டும் 49, 79, 99 என்று ஏறியது. 2023க்குள் 155 ஆனது. 2024 ஜூலையில் 199. ஆறு வருஷத்தில் 35 எங்கே, 199 எங்கே! 'இப்போது அளவில்லாமல் பேசலாமே' என்பார்கள். உண்மைதான். மிஸ்டு கால் கொடுப்பவளுக்கு அளவில்லாத பேச்சு எதற்கு?

இதற்குள் ஒரு சூட்சுமம் உண்டு. முன்பெல்லாம் வேறு நிறுவனத்தின் அழைப்பு வந்து இறங்கினால், வாங்கும் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று கிடைக்கும். 2017 வரை 14 பைசா, பிறகு 6 பைசா, 2021 ஜனவரி முதல் ஒன்றுமே இல்லை. ஆகவே வெறும் அழைப்பு வாங்கும் பாட்டியால் அவர்களுக்கு வரவு இல்லை, வெறும் பாரம். வியாபாரி பாரத்தை இறக்கத்தான் பார்ப்பான், அதில் எனக்கு ஆச்சரியமில்லை. அரசாங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் போன் வைத்துக்கொள் என்று அவளைக் கட்டாயப்படுத்தியதே அரசாங்கம்தானே? ஆதாருக்கு எண் கொடு. வங்கிக்கு எண் கொடு. சிலிண்டர் கொண்டுவரும் பையன் கூட போனுக்கு வந்த நம்பரைச் சொல்லும்மா என்கிறான். ரீசார்ஜ் தீர்ந்து சில நாள் போனால் அந்த நம்பரும் வராது. 90 நாள் பயன்படாமல் கிடந்தால் எண்ணையே எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிடலாம். 20 ரூபாய் இருப்பு வைத்தால் காப்பாற்றலாம் என்று ஒரு விதி இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? அப்புறம் அவள் வங்கியில் பணம் எடுத்த செய்தி முகம் தெரியாத ஒருவன் போனில் டிங் என்று அடிக்கும்.

பள்ளியில் இதை நான் கண்ணால் பார்த்தவள். மாணவர் விவரப் பதிவேட்டில் பெற்றோர் எண் இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் அடித்து அடித்து மூன்று நான்கு எண் எழுதியிருக்கும். பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய முடியாமல், சலுகையில் கிடைத்த புது சிம்முக்கு மாறியிருப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும், பதினொரு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டால் 'தற்போது உபயோகத்தில் இல்லை' என்று ஒரு குரல் சொல்லும்.

ட்ராய் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 28 நாள் புலம்பலுக்காக 2022இல், 30 நாள் பேக் ஒன்றாவது வைக்க வேண்டும் என்றது. 2024 டிசம்பரில், டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தரவேண்டும் என்று விதி போட்டது. நல்ல விதி. நடந்தது என்ன? 2025 ஜனவரியில் முதலில் டேட்டாவை உருவிவிட்டு விலையைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்தார்கள். ஆராய்வோம் என்று ட்ராய் சொன்ன பிறகு கொஞ்சம் இறங்கினார்கள். ஏர்டெல் 84 நாளுக்கு 469, வருஷத்துக்கு 1849. ஜியோ 84 நாளுக்கு 448. அன்றாடக் கூலி வாங்குபவள் ஒரே மூச்சில் 448 ரூபாய் எடுத்து வைக்க வேண்டுமாம். ஷாம்பூவை ஒரு ரூபாய் பாக்கெட்டில் போட்டு அவள் குடிசை வரை கொண்டுபோகத் தெரிந்த நாட்டில், போனுக்கு மட்டும் மூட்டை கணக்கு!

'விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும், அரசு தலையிடக் கூடாது' என்று இன்னொரு பிள்ளை எழுதினான். சந்தை என்றால் எத்தனை கடை? தனியாரில் மூன்று, கூட பிஎஸ்என்எல். அது மலிவுதான். ஆனால் சிக்னலுக்கு மாடி ஏற வேண்டிய ஊர்கள் எனக்குத் தெரியும். தலையிடுவதும் புதிதல்ல. ரோமிங் கட்டணத்துக்கும் கிராமத்து லேண்ட்லைன் கட்டணத்துக்கும் ட்ராய் வரம்பு வைத்திருக்கிறது. 1997ஆம் வருஷச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

பணமும் இருக்கிறது. எல்லோருக்கும் தொலைபேசி போய்ச் சேரவேண்டும் என்று சொல்லியே 2002இலிருந்து நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதத்தை ஒரு நிதிக்கு வாங்குகிறார்கள். இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். டவரும் கேபிளும் போடுகிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டு வாசலில் டவர் நின்று, கையில் ரீசார்ஜ் இல்லாவிட்டால் அதை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், நலிந்த பிரிவினர் என்று 2024 விதிகளிலேயே எழுதியிருக்கிறார்களே, அவர்கள் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கை இதிலிருந்து கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் 1985 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு 'லைஃப்லைன்' என்று இதைத்தான் செய்கிறார்கள். அந்த 199இலேயே சுமார் 30 ரூபாய் ஜிஎஸ்டி. பாட்டியின் போனுக்கும் 18 சதவீதம், கம்பெனி முதலாளி போனுக்கும் 18 சதவீதம்.

நான் கேட்பது இலவசம் இல்லை. மாதம் 50 ரூபாய்க்குள் ஒரு பேக், அழைப்பு வரட்டும், ஓடிபி வரட்டும், நாலு அழைப்பு போகட்டும். ரீசார்ஜ் தீர்ந்தாலும் ஒரு வருஷத்துக்கு உள்ளே வருவதை வெட்டாதே.

ட்ராய் கலந்தாய்வுத் தாள் வெளியிடும்போது யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். உங்களில் இரண்டு மூன்று பேர் இந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறீர்கள். அடுத்த தாள் வந்ததும் எனக்குச் சொல்லுங்கள். நான் தமிழில் எழுதித் தருகிறேன், ஆங்கிலத்தில் போட்டு அனுப்புவது உங்கள் பொறுப்பு. 199 பெரிய காசா என்று கேட்டவன்தான் முதலில் கையெழுத்துப் போட வேண்டும்.