பட்டணம் கெட்டால்?

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது நம் முன்னோர் வாக்கு. பட்டணமே கெட்டால் எங்கே சேர்வது? பழமொழி கூறாத விடையை மக்கள் தம் கால்களால் கூறியிருக்கின்றனர். 1942-இல் ஜப்பானியர் குண்டு வீசுவர் என்றஞ்சிச் சென்னைவாசிகள் ஊர்ப்புறம் ஓடினர். 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோதும் அதுவே நிகழ்ந்தது. மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டதும் அங்கு உழைத்தவர்கள் கடலூருக்கும் அரியலூருக்கும் திரும்பினர். நம் உத்திரமேரூர்ப் பகுதிச் சிற்றூர்களுக்கும் ஒரகடத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். நோய்க்கு அஞ்சிய ஊரார் முதலில் பாதையில் முள் வெட்டிப் போட்டனர். பிறகு சோறும் போட்டனர்.

‘கிராமம் அனைவரையும் வாழவைத்தது’ என்று பெருமை பேசுவோர் உளர். அது பாதி உண்மையே. கட்டட வேலைக்குப் போயிருந்த என் அண்ணன் வெறுங்கையுடன் திரும்பினார். அன்றிருந்த நூறு நாள் வேலைத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஓர் அட்டை. ஆண்டுக்கு 100 நாள். ஆள் கூடியதால் நாள் கூடவில்லை. அம்மாவின் நாட்களில் பாதியை அண்ணன் வெட்டினார்! நாடு முழுவதும் இதே நிலைதான். தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலை செய்வோரில் வேளாண்மையைச் சார்ந்தோர் 2018-19-இல் 42.5 விழுக்காடு, 2020-21-இல் 46.5 விழுக்காடு. நிலமா பெருகியது? இருந்த கூழைப் பலர் பங்கிட்டனர், அவ்வளவே.

ஊரடங்கு தளர்ந்தது, வந்தவர்கள் போயினர். வந்தவர் யார், என்ன தொழில் அறிந்தவர் என்று எங்கள் ஊரில் எவரும் எழுதி வைக்கவில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனக் குடவோலையால் ஆள் தெரிந்து, அதனைக் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் கல்லில் பொறித்த உத்திரமேரூருக்கு இது அழகா?

ஒவ்வோர் ஊராட்சியும் வெளியூர் சென்றோருக்கென ஒரு பதிவேடு வைக்கட்டும். பெயர், போன இடம், கற்ற தொழில் ஆகியவற்றைக் கிராமசபையில் ஆண்டுதோறும் படித்துச் சரிபார்க்கட்டும். இடர் வரும்போது கொத்தனாருக்கும் மின்பணியாளருக்கும் ஏற்ற வேலையை ஊரிலேயே தேடித்தர அது உதவும். நலவாழ்வுச் செவிலியருக்கும் எந்த வீட்டுக்குச் செல்வதெனத் தெரியும்.

நண்பர்களே! பட்டம் பெற்றதும் நம்மில் பலர் பட்டணத்துக்குப் பேருந்து ஏறுவோம். அதில் தவறில்லை. ஆனால், ஒருநாள் நாமும் திரும்ப நேர்ந்தால், அம்மாவின் அட்டையில் பங்கு கேட்கத்தான் வரவேண்டுமா? சிந்திப்போம்.